தமுக்குக் கூலி 6 அணா

போன சித்திரைல ஊர் வீட்ட விக்கறதுக்கு முன்னாடி பரண காலி பண்ணப் போயிருந்தேன். ஒடஞ்ச அரிக்கேன் வெளக்கு, எலி கடிச்ச ஜமக்காளம், யாரோ கல்யாணத்துக்கு வாங்குன அண்டா, எல்லாத்துக்கும் அடியில தாத்தாவோட தகரப் பெட்டி. தாத்தா வக்கீல் குமாஸ்தா. டெல்டால ஒரு சின்ன டவுன், அங்க ஒரு முன்சீப் கோர்ட்டு, அதுக்கு எதிர்த்தாப்ல ஒரு வக்கீல் ஆபீஸ், அதுல 40 வருஷத்துக்கு மேல உக்காந்து எழுதுன மனுஷன். எத்தனையோ ஆயிரம் கேஸ் கட்டுங்கள பாத்திருப்பார், ஆனா வீட்டுக்குக் கொண்டு வந்து வெச்சிருந்தது ஒரே ஒரு கட்டுதான். அவரோட சொந்த அக்கா போட்ட கேஸ். எங்களுக்கெல்லாம் அத்தைப்பாட்டி.

அந்தக் கட்டுக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு இருந்துச்சு. பாதி அச்சு, பாதி கையெழுத்து. அமீனா (கோர்ட்டு உத்தரவ நேர்ல போய் நிறைவேத்தற சிப்பந்தி) பேட்டா இவ்வளவு, வண்டிச் சத்தம் இவ்வளவு, அதுக்குக் கீழ தமுக்குக் கூலி 6 அணா. அதப் படிச்சதும் பரண்லயே ஏணி மேல உக்காந்துட்டேன், ஏன்னா அந்தத் தமுக்கப் பத்தி தாத்தா எத்தனையோ தடவ சொல்லிருக்கார், நான் பாதிக் கதைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். கோர்ட்டு ஒருத்தனோட நிலத்த ஜப்தி பண்ணாலோ ஏலத்துக்குக் கொண்டு வந்தாலோ அந்த நிலத்துக்கிட்ட போய் தமுக்கு அடிச்சு ஊருக்குச் சொல்லணும். இது ஏதோ பழைய வழக்கம் இல்ல, 1908ல வந்த சிவில் ப்ரொசீஜர் கோடுல எழுதியே இருக்கு, ஆர்டர் 21ன்னு ஒண்ணு, இன்னைக்கும் அமல்ல இருக்கற சட்டம்தான். தமுக்கு அடிச்சு, நோட்டீஸ நிலத்துல கண்ணுக்குப் படற எடத்துல ஒட்டி, கோர்ட்டு கட்டடத்துலயும் ஒட்டணும். கெளரவத்துக்காக கேஸ் நடத்துற ஊர்ல, தோத்தத விட இந்தத் தமுக்குதான் பெரிய தண்டன.

சரி, முன்சீப்னா யாரு? சின்ன சிவில் கேஸெல்லாம் தீக்கற கீழ்க் கோர்ட்டு ஜட்ஜ். வார்த்தையே அரபிலேந்து வந்தது, நிஸ்ஃப்னா பாதி, சரிபாதியா பிரிச்சுக் குடுக்கறவன் முன்சிஃப். நம்ம கோர்ட்டு பாஷய கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க, முக்காவாசி வார்த்தை நவாப் காலத்துப் பாரசீகமும் அரபியும்தான். வக்கீல், வக்காலத்து, தாவா, ஜாமீன், ஜப்தி, அசல், நகல், ரத்து, ஜில்லா, தாலுகா. அமீனான்னா நம்பிக்கைக்கு உரியவன்னு அர்த்தமாம், இதச் சொல்லும்போதெல்லாம் தாத்தா சிரிச்சிருவார், ஏன் சிரிச்சார்னு அமீனாகிட்ட வாரண்ட் குடுத்து அனுப்புன எல்லாருக்கும் தெரியும். வாய்தான்னா வாக்குக் குடுக்கறது. எனக்கு ரொம்பப் பிடிச்சது ராஜினாமா. இப்ப மந்திரி பதவிய விட்டா ராஜினாமாங்கறோம், ஆனா அந்தக் காலத்து கோர்ட்டுல ராஜினாமான்னா ரெண்டு பார்ட்டியும் ராஜி ஆகிட்டோம்னு எழுதிக் குடுக்கற பத்திரம். சண்டைய விடறதுக்கு இருந்த வார்த்தை, வேலைய விடறதுக்கு ஆகிப்போச்சு.

இந்த கோர்ட்டுங்க எப்படி வந்துச்சுன்னு பாத்தா அது தனிக் கூத்து. கார்ன்வாலிஸ் வங்காளத்துல 1793ல போட்ட சட்டத்த அப்படியே எடுத்து 1802ல மெட்ராஸ் மாகாணத்துக்கும் போட்டாங்க. ஜில்லா கோர்ட்டுன்னு வந்துச்சு, ஜட்ஜ் வெள்ளக்காரர், ஒரு ஜில்லாவுக்கு ஒண்ணு, பத்து ரூபா கடனுக்கு எத்தன நாள் வண்டி கட்டிப் போறது? சர் தாமஸ் மன்றோ, அதான் சென்னைல தீவுத்திடல்கிட்ட குதிர மேல உக்காந்திருக்காரே அவர்தான், 1814ல இதச் சரி பண்ண ஒரு கமிஷனுக்குத் தலைவரா வந்தார். 1816ல வரிசையா ரெகுலேஷன் போட்டாங்க. ஊர் மணியக்காரனே கிராம முன்சீப், 10 ரூபா வரைக்கும் அவனே தீத்துக்கலாம். அதுக்கு மேல டிஸ்ட்ரிக்ட் முன்சீப், நம்ம ஆளு, சம்பளத்துக்கு, 200 ரூபா வரைக்கும். இது ரெண்டுக்கும் பக்கத்துலயே பஞ்சாயத்துன்னும் ஒண்ணு வெச்சாங்க, ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா எவ்வளவு பெரிய தொகையா இருந்தாலும் பஞ்சாயத்தாருங்க தீத்து வெக்கலாம்.

இங்கிலாந்துலயே இந்த மாதிரி சின்னக் கடனுக்குன்னு ஊர் ஊருக்கு கவுண்டி கோர்ட்டு வெக்கறதுக்கு 1846ல தான் சட்டம் போட்டாங்க, 20 பவுண்டு வரைக்கும்னு. நம்மூர்ல அதுக்கு 30 வருஷம் முன்னாடியே முன்சீப் உக்காந்தாச்சு. அவங்க நல்லவங்கன்னு சொல்ல வரல. வரி ஒழுங்கா வரணும்னா ஊர்ல நிலம் யாருதுன்னு தகராறு இல்லாம இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு.

மன்றோவுக்கு பஞ்சாயத்து மேலதான் பெரிய ஆச. நம்ம ஜனங்களுக்கு அதான் பழக்கம், அவங்களுக்குள்ளயே பேசித் தீத்துப்பாங்கன்னு ரொம்ப நம்புனார். நடந்தது என்னன்னா பஞ்சாயத்துப் பக்கம் அவ்வளவா யாரும் போகல. ஜனங்க முன்சீப் கோர்ட்டுக்குத்தான் போனாங்க, கூட்டம் கூட்டமா. இதப் படிக்கறப்ப வெள்ளக்காரங்களுக்கே ஆச்சரியமா இருந்திருக்கும். எனக்கு ஆச்சரியம் இல்ல. எங்க அத்தைப்பாட்டி ஏன் போனாங்கன்னு எனக்குத் தெரியும்.

அவங்களுக்குக் கல்யாணம் ஆனப்ப வயசு 14. 1934ல புருஷன் காலரால போய்ட்டார், அப்ப இவங்களுக்கு 16. அதுக்கப்பறம் எட்டு வருஷம் அந்த வீட்லயே, கொல்லப்பக்கம் இருந்த அறையில. மூத்தார், அதாவது புருஷனோட அண்ணன்தான் குடும்பத்துக்குத் தலைவர், ஏழு வேலி நிலம்னு ஊர்ல பேச்சு, அஞ்சுதான்னு தாத்தா சொல்வார். எட்டாவது வருஷம் ஒரு நாள் ஒரு தகரப் பெட்டியோட நடந்தே அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. அது ஆறு மைல். என்ன நடந்துச்சுன்னு கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல, தாத்தாகிட்ட கூட. எனக்கு என் நெல்லு தனியா வேணும், நானே பொங்கித் திங்கறேன், அவ்வளவுதான் சொன்னாங்களாம்.

மொதல்ல ஊர்ப் பஞ்சாயத்துதான். புள்ளையார் கோயில் திண்ணையில உக்காந்து பேசுனாங்க. இவங்க தூணுக்குப் பின்னாடி நிக்கணும், பேச வேண்டியது தம்பி. அந்தத் திண்ணையில உக்காந்திருந்த அஞ்சு பேர்ல ரெண்டு பேர் மூத்தாருக்கு சம்பந்தி வகை, ஒருத்தர் அவர்கிட்ட குத்தகைக்கு இருந்தவர், இன்னொருத்தர் பட்டாமணியார், அதாவது கிராம முன்சீப். என்ன தீர்ப்பு வரும்? சோறு போடறாங்கல்ல, அப்பறம் என்ன, திரும்பிப் போய் ஒழுங்கா இருக்கச் சொல்லு. அதுல ஒருத்தர், நல்ல மனுஷன்தானாம், உம் பாட்டன் காலத்துலேந்து எனக்குத் தெரியும், ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்னாராம். அங்கதான் வெனையே. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இவ யாரு, யார் பொண்ணு, தாலி அறுத்தவ, எந்தப் பந்தில உக்காரணும் எல்லாம் தெரியும். கேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவு.

ஊர்லயே நியாயம் இருந்துச்சு, வெள்ளக்காரன் வந்துதான் கோர்ட்டு வெச்சுக் கெடுத்தான்னு இப்பவும் நெறைய பேர் எழுதறாங்க. எழுதட்டும். அதே 1816ல வந்த இன்னொரு ரெகுலேஷன்ல, சின்னச் சின்ன அடிதடிக்கும் திட்டுக்கும் மணியக்காரன் ஆள சாவடியில 12 மணி நேரம் அடைச்சு வெக்கலாம்னு இருக்கு. கீழ்ச்சாதின்னு வெச்சிருந்தவங்களா இருந்தா 6 மணி நேரம் தொழுவுல மாட்டலாம். தொழுன்னா ரெண்டு மரக்கட்டைக்கு நடுவுல கால மாட்டிப் பூட்டறது. ஒரே குத்தம், ஆள் யாருங்கறதப் பொறுத்துத் தண்டன. இதுக்கு ஆள் யாருன்னு தெரிஞ்ச ஜட்ஜ் வேணும், பக்கத்து வீட்டு ஜட்ஜ் வேணும்.

அதனால தாத்தா கேஸ் போடலாம்னு சொன்னார். அப்ப அவருக்கு வயசு 22, குமாஸ்தாவா சேந்து ரெண்டு வருஷம். வக்கீல்கிட்ட போய் நின்னுருக்கார். வக்கீல் கேட்ட மொத கேள்வி, புருஷன் எப்ப செத்தார்? 1934. அவர் உச்சுக் கொட்டுனாராம். ஏன்னா 1937 ஏப்ரல்ல ஒரு சட்டம் வந்துச்சு, இந்து விதவைக்கு புருஷனோட பங்குல உரிமை உண்டுன்னு, ஆனா சட்டம் வந்ததுக்கு அப்பறம் செத்தவங்களுக்குத்தான் அது. மூணு வருஷம் முன்னாடி போய்ட்டதால பங்கு கெடையாது, ஜீவனாம்சம் மட்டும்தான் கேக்கலாம். அத்தைப்பாட்டிக்கு இது புரியவே இல்லையாம். அவரு சாகறதுக்கு தேதி பாத்தா செத்தாருன்னு கேட்டாங்களாம்.

ஆனா ஒரு விஷயம் இவங்க பக்கம் இருந்துச்சு. விதவை புருஷன் வீட்ட விட்டு வந்துட்டா ஜீவனாம்சம் போயிருமான்னு ஒரு கேள்வி, அந்தக் காரணத்துக்காக மட்டும் போகாதுன்னு லண்டன்ல பிரிவி கவுன்சில், அப்ப நமக்கெல்லாம் அதான் கடைசி அப்பீல் கோர்ட்டு, 19ஆம் நூற்றாண்டுலயே சொல்லியாச்சு. யோசிச்சுப் பாருங்க, ஆறு மைல் தள்ளி இருக்கற திண்ணையில கெடைக்காதது, கடல் தாண்டி இருக்கற, இவங்க மூஞ்சியே தெரியாத யாரோ கெழவங்க எழுதி வெச்சதுல இருந்துச்சு. நான் வெள்ளக்காரனுக்கு வக்காலத்து வாங்கல, இந்த எடம் மட்டும் எனக்கு இன்னும் ஜீரணம் ஆகல.

அடுத்த தடங்கல் கோர்ட்டு பீஸ். கேக்கற தொகைக்கு ஏத்த மாதிரி ஸ்டாம்ப் ஒட்டணும், இவங்ககிட்ட ஏது. அதுக்கு ஒரு வழி இருக்கு, பாப்பர் கேஸ், ஆர்டர் 33. நான் பரம ஏழைன்னு மனு போடணும், எங்கிட்ட இருக்கற சொத்து இதுதான்னு ஒண்ணு விடாம லிஸ்ட் குடுக்கணும், கட்டியிருக்கற துணிய விட்டுட்டு. பாப்பர்ங்கற வார்த்தைய 1976ல தான் எடுத்துட்டு வேற மாத்துனாங்க, ஆனா கோர்ட்டு வாசல்ல அதுக்கப்பறமும் ரொம்ப நாள் பாப்பர் தான். அந்த லிஸ்ட் கட்டுல இருக்கு. தாத்தாவோட கையெழுத்து, அடியில அத்தைப்பாட்டியோட எடது கைப் பெருவெரல் ரேகை. தகரப் பெட்டி 1, வெண்கலப் பானை 1, பித்தளைச் செம்பு 2, அருவாமனை 1, கோரைப்பாய் 2, துளசி மாடத்து வெளக்கு 1. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மதிப்பு. மொத்தம் ரூ. 11-4-0, அதாவது 11 ரூபா 4 அணா. தன்னோட அக்காவோட மொத்த வாழ்க்கைய வெல போட்டு எழுதும்போது அந்த 22 வயசுப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியல, ஆனா கையெழுத்து கொஞ்சம் கூட ஆடல, வரி போட்ட மாதிரி நேரா இருக்கு.

மூத்தார் சும்மா இருப்பாரா? ஒட்டியாணம் ஒளிச்சு வெச்சிருக்காள்னு ஆட்சேபணை போட்டார். விசாரிச்சு ரிப்போர்ட் அனுப்பச் சொன்னா அது யார்கிட்ட வரும், அதே பட்டாமணியார்கிட்ட. அவரும், மேற்படி மனுதாரிடம் நகைகள் இருப்பதாகக் கிராமத்தில் சொல்லிக்கொள்கிறார்கள்னு எழுதி அனுப்பிட்டார். சொல்லிக்கொள்கிறார்கள்! அந்த ஒரு வார்த்தையில கிராம முன்சீப் உத்தியோகம் மொத்தமும் அடங்கிருச்சு. 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். ஒரே அவசரச் சட்டத்துல கர்ணம், மணியக்காரர் போஸ்ட்ட எல்லாம் ஒழிச்சப்ப ஊர்ல நெறைய பேர் ஐயோ பாவம்னாங்க, சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் பாத்தாங்க, 1982ல அங்கயும் தோத்துட்டாங்க. பரம்பர பரம்பரையா ஒரே குடும்பத்துல இருந்த பதவி. செய்தி வந்த அன்னைக்கு அத்தைப்பாட்டி வெத்தல இடிச்சுக்கிட்டே, இப்பயாச்சும் போச்சான்னு மட்டும் கேட்டாங்களாம்.

டிஸ்ட்ரிக்ட் முன்சீப் பத்தி சொல்லணும். முன்சீப்னாலே நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளைதான், தமிழ்ல மொத நாவல் எழுதுனவர்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். எனக்கு அவரோட நாவல விட இன்னொரு வேல பெருசாத் தெரியுது. மேல் கோர்ட்டு தீர்ப்பெல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு, கீழ கேஸ் நடத்துறவங்களுக்கும் நடத்திக்கறவங்களுக்கும் தமிழ்தான் தெரியும், அப்ப எந்தச் சட்டத்துல தான் தோத்தோம்னு தோத்தவனுக்கே தெரியாது. இவர் 1805லேந்து 1861 வரைக்கும் வந்த தீர்ப்புகள தமிழ்ல கொண்டு வந்து சித்தாந்த சங்கிரகம்னு போட்டார். தாது வருஷப் பஞ்சத்துல கைக்காச எடுத்து கஞ்சி ஊத்துனவர்னும் சொல்வாங்க, கோபாலகிருஷ்ண பாரதியார் நீயே புருஷ மேருன்னு அவரப் பாடியே வெச்சிருக்கார்.

எல்லா முன்சீப்பும் வேதநாயகம் பிள்ளை இல்ல. அத்தைப்பாட்டி கேஸ்ல உக்காந்திருந்தவர் நெல்லூர் பக்கத்துத் தெலுங்குக்காரர், மாத்தலாகி வந்து ஏழெட்டு மாசம்தான். அப்ப மெட்ராஸ் மாகாணம் ஒண்ணா இருந்துச்சு, எங்கேந்து வேணா எங்க வேணா மாத்துவாங்க. தமிழ் பேசுவார், ஆனா தெலுங்கு வாசன அடிக்கும். தாத்தா அவரப் பத்தி பெருசா ஒண்ணும் சொல்ல மாட்டார், கோவக்காரர், மூக்குப்பொடி போடுவார், அவ்வளவுதான். ஆனா ஒரு நாள நிமிஷம் நிமிஷமா சொல்வார், அத்தைப்பாட்டி கூண்டுல ஏறுன நாள்.

டவாலி மூணு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கான். அவங்க பேர ஊர்ல யாரும் கூப்பிட்டே எட்டு வருஷம் ஆச்சு, அவளே இவளேன்னுதான். முழுப் பேரையும் அப்பா பேரோட சேத்து அந்த வராண்டா எதிரொலிக்கக் கூப்பிட்டதும் இவங்களுக்கு கை நடுங்கிருச்சாம். எதிர் வக்கீல் பெரிய ஆளு, தலப்பாவோட. உங்களுக்கு உங்க மூத்தார் வீட்ல சாப்பாடு போட்டாங்களா இல்லையா? கஞ்சி ஊத்துனாங்க. முன்சீப் அத இங்கிலீஷ்ல எழுதிக்கணும், அதான் அன்னைக்கு முறை, சாட்சி தமிழ்ல சொல்லும், ஜட்ஜ் இங்கிலீஷ்ல எழுதிப்பார். அவர் எழுதுனது, ஐ வாஸ் ஃபெட். எதிர் வக்கீல் ஒடனே அதப் புடிச்சுக்கிட்டார், பாருங்க யுவர் ஆனர், சாப்பாடு போட்டாங்கன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு.

தமிழ்ல அந்தச் சொல்லுக்கும் இந்தச் சொல்லுக்கும் எவ்வளவு தூரம். சோறு போட்டாங்க வேற, கஞ்சி ஊத்துனாங்க வேற, ஊத்தறது யாருக்குன்னு நமக்குத் தெரியும். தாத்தா பெஞ்சுக்குப் பின்னாடி கட்டத் தூக்கிக்கிட்டு நிக்கறார், குமாஸ்தா வாயத் தொறக்க முடியாது, வக்கீலோட கோட்ட இழுத்திருக்கார். வக்கீல் எழுந்திரிக்கறதுக்குள்ள முன்சீப்பே பேனாவ வெச்சுட்டு இவங்களப் பாத்துக் கேட்டாராம். அம்மா, கஞ்சி எப்ப? எல்லாரும் சாப்ட்டுப் படுத்த பெறகு. எதுல? கொல்லைல. அது இல்லப்பா, எந்தப் பாத்திரத்துல? இவங்க கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். அப்பறம், செரட்டைலன்னாங்களாம்.

அந்தத் தாள் கட்டுல இருக்கு, சர்டிஃபைட் காப்பி, பழுப்பு நெறத்துல. ஐ வாஸ் ஃபெட்ங்கற வரிக்குக் கீழ, ஆன் கோர்ட் கொஸ்டின்னு போட்டு ரெண்டே வரி. கோகனட் ஷெல்னு எழுதிருக்கார். திண்ணையில இத யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, ஏன்னா அவங்க எல்லாருக்கும் ஏற்கனவே தெரியும். தெரியாதவனுக்குத்தான் கேக்கத் தோணும்.

கீழ்க் கோர்ட்டுல சாட்சியமும் தீர்ப்பும் தமிழ்லயே எழுதலாம்னு சட்டத்துல வந்தது 1976ல தான். எங்க ஊர்ல அதுக்கப்பறமும் பத்து வருஷம் பாதிப் பேர் இங்கிலீஷ்லயே ஓட்டிக்கிட்டு இருந்தாங்க, அது வேற வயித்தெரிச்சல், இன்னொரு நாள் எழுதறேன்.

கேஸ் ரெண்டு வருஷம் நடந்துச்சு. நடுவுல எத்தன வாய்தா! கட்டுல இருக்கற டைரில தாத்தா எழுதி வெச்சிருக்கார், எதிர் வக்கீலுக்கு ஜொரம், வாய்தா. முன்சீப் கேம்ப், வாய்தா. பிரதிவாதி ஆஜர், டைம் இல்லை, வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அத்தைப்பாட்டி விடியக்காலம் எழுந்து குளிச்சு புளிச்சோறு கட்டிக்கிட்டு வந்து புளியமரத்தடியில உக்காந்திருப்பாங்களாம். வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்னு தாத்தா சொல்லியும் கேக்கல. அந்தப் புளியமரத்தடிதான் அவங்களுக்கு வெளி உலகமே. பக்கத்துல பட்டாத் தகராறுக்கு வந்தவன், பாகப்பிரிவினைக்கு வந்தவன், புரோநோட்டுக்கு வந்த செட்டியார், எல்லார் கேஸும் அவங்களுக்கு அத்துப்படி. எக்ஸ்பார்ட்டி, ஸ்டே, அப்பீல், டிகிரி எல்லாம் வாயில சர்வ சாதாரணமா வரும். என் சின்ன வயசுல மழையால ஸ்கூல் லீவு விட்டா, இன்னைக்கு வாய்தாவான்னு கேப்பாங்க.

அந்த உலகத்த நானும் கொஞ்சம் பாத்தேன், லீவுல தாத்தா கூடப் போயிருக்கேன். செவப்பு ஓட்டுக் கட்டடம், வராண்டால ஸ்டாம்ப் வெண்டர், மனு எழுதறவர், தடதடன்னு டைப்பிங் மிஷின், வாசல்ல ஒரு டீக்கடை, அந்தக் கடை பெஞ்சுலதான் பாதி கேஸ் ராஜி ஆகும். தாத்தாவுக்கு சட்டம் படிப்பு கெடையாது, ஆனா ஜூனியர் வக்கீலுங்க எல்லாம் போட்ட மனு நம்பர் ஆகாம ரிட்டர்ன் ஆயிருச்சுண்ணேன்னு அவர்கிட்டதான் வருவாங்க. கோர்ட்டுல தோத்தவன் அங்கயே அழுவான், ஜெயிச்சவன் வீட்டுக்கு வந்து அழுவான்னு அடிக்கடி சொல்வார், சொல்லிட்டு அடுத்த கேஸுக்கு வக்காலத்து நிரப்பிக்கிட்டு இருப்பார்.

தீர்ப்பு 1944ல வந்துச்சு. வருஷத்துக்கு 12 கலம் நெல்லு, துணிமணிக்கு 30 ரூபா, ஆயுசு பரியந்தம். அதுக்கு மூத்தாரோட ரெண்டு ஏக்கர் மேல சார்ஜ், அதாவது குடுக்கலன்னா அந்த நிலத்துலேந்து வசூல் பண்ணிக்கலாம். கட்டாம விட்ட கோர்ட்டு பீஸையும் சர்க்கார் அவர்கிட்டயே வசூல் பண்ணிக்கலாம்னு உத்தரவு.

டிகிரி, அதான் இந்தத் தீர்ப்போட உத்தரவு, அத வாங்கறது ஒரு பாதி, அத நெல்லா மாத்தறது அடுத்த பாதி. ரெண்டு வருஷம் ஒரு மணி நெல்லு வரல. இ.பி. போட்டாங்க, அதாவது டிகிரிய நிறைவேத்தித் தரச் சொல்லி ஒரு மனு. கடன் கட்டாதவன சிவில் ஜெயில்ல போடறதும் சட்டத்துல உண்டு, ஆனா அதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு, உள்ள இருக்கறவனோட சாப்பாட்டுச் செலவ கேஸ் போட்டவன்தான் கட்டணும். அத்தைப்பாட்டிக்கு இதச் சொன்னதும், அவருக்கு நான் சோறு போடணுமான்னு சிரிச்சாங்களாம், ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சதா தாத்தா சொல்வார். (பணம் இல்லாதவன வெறும் ஏழ்மைக்காக உள்ள போடக் கூடாதுன்னு 1980ல கிருஷ்ணய்யர் சுப்ரீம் கோர்ட்டுல தீர்ப்பு எழுதுனார், அவரும் தலச்சேரி கோர்ட்டுல வக்கீலா இருந்து வந்தவர்தான்.) ஜெயில் வேணாம், நிலத்த ஏலத்துக்குக் கொண்டு வருவோம்னு முடிவாச்சு.

அமீனா வந்த அன்னைக்கு வெள்ளிக்கெழமை, ஊர்ல சந்த. மாட்டு வண்டியில வந்து எறங்குனார், கூட தாத்தா. தமுக்கு அடிக்க ஆள் வேணும். ஊர் வெட்டியான் மூத்தார் நிலத்துல வேல பாக்கறவரு, ஆனா மூத்தார் தன் வீட்டு வாசப்படிய மிதிக்க விடாம வெச்சிருந்த மனுஷன். மாட்டேன்னு சொல்லிருவாருன்னு எல்லாரும் நெனச்சாங்க. சர்க்கார் வேலன்னா அடிச்சுத்தானே ஆவணும் சாமின்னு சொல்லிட்டு, தமுக்க வைக்கோல் கொளுத்திக் காய வெச்சு, வரப்பு மேல நின்னு அடிச்சாராம். அமீனா படிக்கறார், இன்னார் டிகிரிதாரர், இன்னார் ஜட்ஜ்மென்ட் டெட்டார், நான்கெல்லை விவரம், ஏலத் தேதி. ஊர் மொத்தமும் வேலியோரம். வாசிச்சு முடிச்சதும் ஒரு தடவ அடிச்சா போதும், இவர் விடாம அடிச்சுக்கிட்டே இருந்தாராம், அமீனா போதும்ப்பா போதும்ப்பான்னு கையக் காட்ற வரைக்கும். அந்த மனுஷனுக்கு என்ன தோணுச்சோ யாருக்குத் தெரியும், யாரும் கேக்கல, கட்டுலயும் அதுக்கு எடம் இல்ல. 6 அணான்னு மட்டும் இருக்கு.

மறுநாளே மூத்தார் பாக்கி நெல்லு மொத்தத்தையும் வண்டியில ஏத்தி அனுப்பிட்டார். ஏலம் நடக்கல.

இப்ப கேஸ் நெலவரம் போன்லயே பாத்துக்கலாம், இ-கோர்ட்ஸ் ஆப் இருக்கு, வாய்தா தேதி மெசேஜா வருது. முன்சீப் பரீட்சைக்கு சிவில் ஜட்ஜ்னு பேர் போட்டு டி.என்.பி.எஸ்.சி. நடத்துது. கோர்ட்டு பீஸும் நம்ம ஸ்டேட்ல 2017ல ஏழரை சதவீதத்துலேந்து மூணாக் கொறஞ்சிருச்சு. லோக் அதாலத்துன்னு வெச்சு பேசித் தீத்துக்கச் சொல்றாங்க, பீஸும் திரும்பக் கெடைக்கும், அப்பீலும் கெடையாது. நல்லதுதான், வண்டி ஆக்ஸிடென்ட் கேஸுக்கும் பேங்க் லோனுக்கும் ரொம்ப நல்லது. ஆனா குடும்பச் சொத்து கேஸுல ஒரு பொம்பளைய உக்கார வெச்சு, அண்ணன் தம்பிதானே, விட்டுக் குடுத்துப் போம்மான்னு பேசறதப் பாக்கறப்ப எனக்கு அந்தப் புள்ளையார் கோயில் திண்ண ஞாபகம் வந்துருது, என்ன பண்றது.

அத்தைப்பாட்டி 1985 வரைக்கும் இருந்தாங்க. கடைசி வரைக்கும் வருஷா வருஷம் தை மாசம் அந்த 12 கலம் வந்துக்கிட்டே இருந்துச்சு. மூத்தார் போய் அவர் புள்ள காலம், ஆனாலும் வந்துச்சு. எனக்கு ஆறேழு வயசு இருக்கும்போது பாத்திருக்கேன். வாசல்ல சாக்க விரிச்சு நெல்லக் கொட்டுவாங்க. அத்தைப்பாட்டி தன்னோட சொந்த மரக்காலோட முக்காலி போட்டு உக்காருவாங்க, அவங்க கொண்டு வர்ற மரக்கால்ல அளக்க விட மாட்டாங்க. கலத்துக்கு 12 மரக்கா, 12 கலத்துக்கு 144. அளக்கற ஆளு மொத மரக்காவ அள்ளிப் போட்டு, வழக்கம் போல ஒண்ணுன்னு சொல்லாம மங்களகரமா இழுத்துச் சொல்லுவான், லாபம்...

லாபமெல்லாம் ஒன் மொதலாளிக்கு வெச்சுக்க, ஒண்ணுன்னு சொல்லி அளடாம்பாங்க.